நிறுத்தக் கூடாத மோட்டார்

தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ஆத்தூர் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் அம்மா, தலையில் பாத்திர மூட்டை. நடுவில் நான், கக்கத்தில் பாய். பின்னால் மாமா, அம்மாவின் தம்பி. ஈர வேட்டி தொடையில் ஒட்ட, காலை இழுத்து இழுத்து வந்தார். அவருடைய வலது கை விரல்கள் மடங்கியே இருந்தன.

"மாப்ள, செத்த நேரம் கையப் புடிச்சுக்க. கால் தள்ளாடுது" என்றார்.

நான் பிடிக்கவில்லை. அவர் உடம்பில் இன்னும் கரண்ட் மிச்சம் இருக்கும் என்று நம்பினேன். பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், தோட்டத்து முதலாளிதான் எங்களைப் பிடித்துவர ஆள் அனுப்பிவிட்டார் என்று வேலியோரம் ஒதுங்கினேன்.

பிற்பாடு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைகளை விட்டுவிட்டு இப்படி நடந்து போயிருக்கிறேன். மூட்டை கட்ட எனக்கு நேரம் பிடிக்காது. முதல் தடவை போனது அன்றுதான்.

அது தென்னையும் கொய்யாவும் நின்ற தோட்டம். திண்டுக்கல்லில் இருந்த முதலாளி, விடுமுறைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கு அங்கிருந்த வீட்டை வாடகைக்கு விட்டார். அம்மா கூட்டிப் பெருக்கி, சமைத்துப் போடுவாள். எங்களுக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள வீட்டுக்கு முன்னால் முழங்கால் ஆழத்தில் ஒரு குளம் கட்டி, தாமரையும் வண்ண மீன்களும் விட்டிருந்தார்கள். நடுவில் நீரூற்று வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. மோட்டார் வாங்கும் பொறுப்பு மாமாவுக்கு வந்தது. கோடையில் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும்போதும் கிணற்று மோட்டாரை முக்கி முனகி ஓடவைத்துவிடுவார் என்று சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பெயர்.

என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் ஒரு செங்கல் அளவில் இருந்த மோட்டாரை எடுத்து வைத்தார். குளத்துத் தண்ணீரைச் சுற்றிவிட அது போதும், பகல் முழுக்க ஓடினாலும் சூடேறாது, ஒயர் ஒரே நீளமாக வருவதால் தண்ணீருக்குள் ஒட்டுப்போட வேண்டியதில்லை, வாரம் ஒரு முறை வலையைக் கழற்றிக் கழுவினால் சரி என்றார்.

மாமா அதை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, பொம்ம கல்யாணத்துக்கா மோட்டார் கேட்டேன்? இதப் போட்டா எங்க மொதலாளி என்னையக் குளத்துல தள்ளிருவாரு."

எங்கள் பக்கத்தில் மோட்டார் என்றால் எத்தனை எச்.பி. என்பதுதான் பேச்சு. குறைந்த எச்.பி. வாங்குகிறவன் தன் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று ஊருக்குச் சொல்கிறவன். ஆகவே மாமா, வற்றிப்போன ஒரு கிணற்றில் கிடந்த பழைய மோட்டாருக்குப் புதிதாகக் காயில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். முதல் நாள் தண்ணீர் தென்னை மட்டை வரை ஏறியது. கூடவே இரண்டு மீன்களும் ஏறின. முதலாளி கை தட்டினார்.

பிறகு மீன்கள் உள்ளே போகாமல் இருக்க மாமா மோட்டாரைச் சுற்றிச் சாக்கைக் கட்டினார். சாக்கில் பாசியும் இலையும் அடைத்துக்கொள்ளும். தினமும் காலையில் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கி அதைக் கழுவிவிடுவாள். மோட்டாரை நிறுத்தக் கூடாது என்பது மாமாவின் கட்டளை. நிறுத்தினால் வோல்டேஜ் வரும்வரை மறுபடி எடுக்காது. ஒயர் எட்டாததால் தண்ணீருக்குள்ளேயே ஒட்டுப்போட்டு, சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்.

"எறும்பு ஊறுனாப்புல இருக்குடா" என்று அம்மா ஒரு நாள் அவரிடம் சொன்னாள். கீரை விலையைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

மாமா என்னை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். கரியும் உப்பும் கொட்டிக் கம்பி புதைத்த ஒரு குழியைக் காட்டினார். "இது எர்த்து குழி மாப்ள. தெனமும் இதுக்குத் தண்ணி காட்டணும். ஈரமா இருந்தா தப்பி வார கரண்ட பூமி குடிச்சிரும். காஞ்சு போச்சுன்னா குடிக்காது."

குடிக்காவிட்டால் அந்தக் கரண்ட் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பூமிக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு ஏதோ ஒன்று படுத்திருப்பதாகவும், அதன் தாகத்தை நான் தீர்க்காவிட்டால் அது அம்மாவை எடுத்துக்கொள்ளும் என்றும் நினைத்தேன். விடியுமுன் எழுந்து குடத்தைத் தூக்குவேன். அம்மா குளத்திலிருந்து கரையேறும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பேன்.

சித்திரை வெயிலில் போர்க் கிணறு வற்றியது. குளத்துக்கே லாரியில்தான் தண்ணீர் வந்தது. குழிக்கு ஊற்றிக்கொண்டிருந்த என்னை முதலாளி பார்த்துவிட்டார். "ஏலே, குடிக்கத் தண்ணியில்ல, மண்ணுக்கா ஊத்துற?" என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். என்னால் ஆனதை நான் செய்தேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து டவுசரை இறக்கிக் குழிக்குள் மூத்திரம் பெய்தேன். அதற்காகவே பானைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு உப்பிக் கிடந்தேன். ஆனாலும் குழி காய்ந்து வெடித்துக்கொண்டே போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய குடும்பம் ஒன்று வந்திருந்தது. நீரூற்றுக்குக் கோளாறு வரக் கூடாது என்று மாமாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் தோட்டத்து நாய் குளத்தில் வாயை வைத்தது. வைத்த வேகத்தில் வீல் என்று கத்தி, கேட் வரை ஓடி நின்று குளத்தைப் பார்த்துக் குரைத்தது. விருந்தாளிகள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நீரூற்று குனிந்து, முழ உயரத்துக்கு வந்துவிட்டது.

"ஏம்மா, எறங்கி அந்தச் சாக்க உருவி விடு" என்றார் முதலாளி.

"செத்த நேரம் மோட்டார நிறுத்துங்க மொதலாளி."

"நிறுத்துனா திருப்பி எடுக்குமா? ஒந் தம்பிதான சொன்னான்? சீக்கிரம் எறங்கு."

அம்மா சேலையைச் செருகினாள். நான் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. குழி, குழி என்று மட்டும் சொல்லியிருப்பேன். அவள் விடுவிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. விருந்தாளிப் பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

மாமாவுக்கு அவமானமாகிவிட்டது. "ஏலே, மாமன் மாட்டுன மோட்டாருடா. இந்தா பாரு, ஒண்ணும் செய்யாது" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நடுவில் போய்க் குனிந்து சாக்கில் கையை வைத்தார். அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று கை தட்டினார்கள்.

அம்மா என்னை உதறித் தள்ளிவிட்டு ஓடினாள். போர்டிகோச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை விளக்குமாற்றுக் கட்டையால் அடித்து இறக்கினாள். மாமா அறுத்துப்போட்ட வாழை போலத் தண்ணீரில் விழுந்தார்.

அவரைக் கரைக்கு இழுத்துப்போட்டு, நெஞ்சைத் தேய்த்து, மூச்சு வந்த பிறகுதான் முதலாளியின் குரல் எனக்குக் கேட்டது.

"மோட்டார ஏன் நிறுத்துன? இனி எப்ப எடுக்கும்?"

அம்மா கொட்டகைக்குப் போய்ப் பாத்திரங்களை மூட்டை கட்டினாள்.

ஆத்தூரில் மாமாவை ஆஸ்பத்திரியில் காட்டி, அவர் வீட்டில் விட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் சின்னாளபட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் அங்கே சாயப்பட்டறை வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் எனக்கும் வேலை கொடுத்தார்கள். சாயம் போட்ட நூலைச் சிமெண்ட் தொட்டியில் அலச வேண்டும். பள்ளிக்கூடம் திறந்த பின்னும் நான் அந்தத் தொட்டியில்தான் நின்றேன்.

முதல் நாள், நூலை வாங்கிக்கொண்டு நான் குனிந்தபோது அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். பட்டறையில் மோட்டார் கிடையாது. ஒயர் கிடையாது. தண்ணீரைக் குடத்தில்தான் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அவள் தன் புறங்கையைத் தொட்டியில் மெல்ல இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கை நடுங்கியது. மற்ற பையன்கள் சிரித்தார்கள்.

"இங்க ஏதும்மா கரண்டு?" என்று சிடுசிடுத்தேன்.

"சும்மா இருடா அப்பு" என்றாள். கையை எடுக்கவில்லை.

தினமும் காலையில் குளத்தில் இறங்கியபோது ஒரு முறைகூட நடுங்காத கை அது. அம்மாவுக்குப் பயமே கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பயத்தை அவள் இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாள் என்று யோசிக்க எனக்கு அப்போது வயது போதவில்லை. கையிலிருந்த சிவப்பு நூலிலிருந்து சாயம் சொட்டிக்கொண்டிருந்தது. சீக்கிரம் வழியை விட்டால் அலசலாமே என்று காத்திருந்தேன்.