பிரேக் சரியில்லை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பயம் திரும்பி வந்தது. அவர் கம்பெனி வெளிநாட்டில் ஒரு பெரிய கட்டட வேலையைப் பிடித்திருந்தது. அங்கே எல்லாம் ஸ்பானிஷ்தான். "அங்கேயே போய்த் தங்கிப் படிங்க, மொழி தானா ஒட்டிக்கும்" என்று மேனேஜர் முதுகில் தட்டி விமானம் ஏற்றிவிட்டார்.

ஒட்டவில்லை. அங்கே சேர்த்துவிட்ட மொழிப் பள்ளியில் காலை முதல் மாலை வரை ஸ்பானிஷ் மட்டும்தான். வேறு மொழியில் வாய் திறந்தால் டீச்சர் காதைப் பொத்திக்கொள்வாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள்; தப்புத் தப்பாகப் பேசிவிட்டுச் சிரிப்பார்கள். இவரோ தன் முறை நெருங்கும்போதே குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்குவார். எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தங்கியது ஐந்தாம் மாடியில், ஒரு வீட்டுக்கார அம்மாவிடம். கணவர் இல்லாதவள். அந்தப் பள்ளிக்குப் படிக்க வருபவர்களை வாடகைக்கு வீட்டில் வைத்துக்கொள்பவள். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை எடுத்தால் விரலை ஆட்டிவிடுவாள். நல்ல மனுஷிதான். ஆனால் நிறுத்தாமல் பேசுவாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இவர் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

"என்னங்க, குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி, போனில்.

"நாள் பூரா வாயத் திறக்கலையா, தொண்டை துருப்பிடிச்சுப் போச்சு."

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்ற பிறகும் ஒரு விரற்கடை கீழே இறங்கும். முதல் நாளே அவர் காலுக்குத் தெரிந்துவிட்டது: பிரேக் பிடி தளர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து படியில்தான் ஏறி இறங்கினார்.

"அப்ப அந்தம்மாகிட்ட சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் மனைவி, இதைக் கேட்டதும்.

"எந்த வாயால சொல்ல?"

ஆனாலும் சொல்லிப் பார்த்தார். அகராதியில் தேடி, வியர்க்க வியர்க்க மனப்பாடம் செய்து, "ஃப்ரேனோ... மாலோ" என்றார். பிரேக், மோசம். வீட்டுக்கார அம்மாவின் முகம் மலர்ந்தது. இன்றைய பாடம் போலிருக்கிறது என்று நினைத்து, 'ர'வை இப்படி உருட்ட வேண்டும் என்று உருட்டிக் காட்டி, கைதட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாளும் இவர் படியில்தான் இறங்கினார்.

ஒரு மாலை, கட்டட வாசலில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். அவள் கையில் இரண்டு கனத்த பைகள். ஒன்றை இவரிடம் கொடுத்து, இவரையும் லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டாள். மாட்டேன் என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

நான்காம் மாடியைத் தொடுவதற்குள் ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றது. விளக்கு அணைந்து, மங்கலாக இன்னொன்று எரிந்தது.

அவள் கதவைத் தட்டிக் கத்தினாள். நான்காம் மாடித் தையல்காரர் ஓடிவந்தார். எதையோ நெம்பி வெளிக்கதவைத் திறந்தார். உள்கதவை அவளே விலக்கினாள். லிஃப்டின் மேல்பாதியில் மட்டும் ஒரு இடைவெளி, ஆள் நுழைகிற அளவு. தையல்காரர் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். அவள் பையின் மேல் ஏறி, நான்காம் மாடித் தரை விளிம்பில் வயிற்றை அழுத்தி, பாதி உடம்பை வெளியே கொண்டுபோய்விட்டாள்.

 மெக்கானிக்கோடு முன்பு வேலை பார்த்த வெல்டர் ஒருவர் இப்படித்தான் ஏறினார். பாதி ஏறும்போது லிஃப்ட் இறங்கிவிட்டது; அன்றைக்கு இவர் பார்த்தது இன்னும் தூக்கத்தில் வரும்.

அண்ணாந்து பார்த்தார். லிஃப்டின் கூரை விளிம்பு அவள் இடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வினைச்சொல் எது, மரியாதை விகுதி எது, தப்பாகச் சொன்னால் திரும்பவும் திருத்துவாளோ... ஒரு நொடிக்குள் அத்தனை பயமும் வந்து போயிற்று.

"அசென்சோர் பாஹா! உஸ்தே முவேரே!"

லிஃப்ட் இறங்குது. நீங்க சாகுறீங்க.

அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். தையல்காரர் கையை விட்டுவிட்டார். மெக்கானிக் மரியாதையெல்லாம் பார்க்காமல் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுக்க, இருவரும் பைகளின் மேல் விழுந்தார்கள். அவள் ஓங்கி ஒரு அறை வைத்தாள். கை இறங்குவதற்குள் லிஃப்ட் நழுவியது. முதலில் ஒரு சாண். பிறகு இன்னொரு சாண். மேலே இருந்த இடைவெளி ஒரு பூனை நுழைகிற அளவுக்குச் சுருங்கி நின்றது.

அவள் அதைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அறைந்த கையாலேயே இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்கள் வரும்வரை எதையாவது பேசச் சொன்னாள். அது இவருக்கு நன்றாகவே புரிந்தது.

என்ன பேசுவார்? தெரிந்ததையெல்லாம் பேசினார். எனக்கு இரண்டு மகள்கள். மேசை பழுப்பு நிறம். என் மாமா டாக்டர். இவருக்கு மாமாவே கிடையாது, பாடப் புத்தகத்தில்தான் ஒருவர் இருக்கிறார். ரயில் நிலையம் வலது பக்கம். அவள் பல் கிட்டிக்க, "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. லிஃப்ட் முனகும்போதெல்லாம் இவர் குரல் உடையும். அவள் பிடி இறுகும். மறுபடி மேசை பழுப்பு நிறம்.

மேலே மோட்டார் அறையில் ஆள் வந்து கையால் சக்கரத்தைச் சுற்றி இறக்கிய பிறகுதான் வெளியே வந்தார்கள். இவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். இவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மறுநாள் வகுப்பில் இறந்தகாலம். நேற்று என்ன நடந்தது என்று டீச்சர் கேட்டாள். இவர் எழுந்து, நேற்று நடந்ததை நிகழ்காலத்திலேயே சொன்னார்: லிஃப்ட் நிற்கிறது, அம்மா ஏறுகிறாள், நான் பயப்படுகிறேன். டீச்சர் திருத்த வாயெடுத்தாள், பிறகு பேசாமல் கேட்டாள்.

படிப்பு முடிந்து வேலைக்கும் போய்ச் சேர்ந்தார்.

"இப்பவாச்சும் அந்தப் பாஷையில பேசப் பயம் போச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"எங்க போச்சு? வாயத் திறக்கும்போதெல்லாம் உள்ளங்கை வேர்க்குது. ஆனா திறந்துடறேன்."