ஜஹானா ராத்தாவின் பக்கத்து பிரேக்

ஜஹானா ராத்தா வாயைத் திறந்தால் அலவத்துகொடச் சந்தி வரைக்கும் கேட்கும். எங்கள் பக்கத்தில் கார் ஓட்டப் பழகிய பெண்களில் பாதிப்பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள்தான். நானும் வாங்கியிருக்கிறேன். அவர் பழக்குகிற காரில், பக்கத்தில் அவர் உட்காரும் இடத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவர்தான் இருக்கிறாரே என்று யாராவது அசட்டையாக ஓட்டினால், நடுவழியிலேயே இறக்கிவிடுவார்.

"இந்த பிரேக் நீங்க தவறினா பிடிக்கிறதுக்கு. இது இரிக்கிதுன்டு தவறுறதுக்கு இல்ல" என்பார்.

அவருடைய தங்கை கணவர் முஸ்அப், ஜப்பானில் ஓடிய கார் ஒன்றை வாங்கினார். முன்னால் ஏதாவது வந்தால் தானாகவே பிரேக் பிடிக்கிற கார். அது பொய்யில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் முஸ்அப் போனில் கதைத்துக்கொண்டு போனபோது, முன்னால் நின்ற பஸ்ஸில் முட்டாமல் காரை நிறுத்தியது அந்த பிரேக்தான். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே போனைத் தூரப் போட்டிருப்பார். இவரோ போகிற இடமெல்லாம் காரின் பெருமை பேசித் திரிந்தார். புத்தி கெட்ட மனிதர்.

நோன்புப் பெருநாளன்று எல்லோருக்கும் ராத்தா வீட்டில் பகல் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் நானும் இருந்தேன். ராத்தா குசினியில் வேலையாக இருந்த நேரம் பார்த்து, முஸ்அப் ஆண்களை ரோட்டுக்குக் கூட்டிப் போனார். ராத்தாவின் கணவரான பஹ்மி நானாவை மதிலுக்கு முன்னால் நிறுத்தினார். பஹ்மி நானா கராம்பு மரம் ஏறிப் பிழைக்கிறவர். யார் எதைச் சொன்னாலும் மறுக்கத் தெரியாதவர்.

"நானா, பயப்படாம நில்லுங்க. அது தானாவே நிக்கும்."

கண்ணூறு படக்கூடாதென்று முதல் நாள்தான் முஸ்அப் முன் கண்ணாடியின் மேலே, நட்ட நடுவில் 'மாஷா அல்லாஹ்' என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். ஒட்டியதில் பிழையில்லை, ஒட்டிய இடம்தான் பிழை. வழியைப் பார்க்கிற கெமரா அதற்குப் பின்னால்தான் இருந்தது. காலையிலிருந்து கார் மணியடித்து மணியடித்து ஜப்பான் எழுத்தில் ஏதோ காட்டிக்கொண்டே இருந்தது. அதை வாசிக்க எங்களில் யாருக்குத் தெரியும்? தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்க வாய் இல்லையா?

இறக்கத்தில் காரை விட்டு, இரண்டு காலையும் மடக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தார் முஸ்அப். கார் நிற்கவில்லை. அவருடைய கால் பிரேக்குக்குப் போவதற்குள் பஹ்மி நானாவின் வலது முழங்கால் மதிலோடு நசுங்கிவிட்டது.

கண்டியில் இரண்டு ஒப்பரேஷன் செய்தார்கள். கால் மிஞ்சும், ஆனால் மடங்காது என்று டொக்டர் சொன்னார். மடங்காத காலோடு எந்த மரத்தில் ஏறுவது?

பஹ்மி நானா வீட்டுக்கு வந்த பிறகு முஸ்அப் ஒரு கூடை பழத்தோடு வந்தார். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, "கார்லதான் பிழை ராத்தா. வித்தவனுக்கு நல்லா ஏசிட்டேன்" என்றார்.

அந்தப் பழக்கூடையை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல எனக்குக் கை துடித்தது. ராத்தா ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். பஹ்மி நானா நின்ற அதே இடத்தில் முஸ்அபை நிற்கச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த தன் பழைய காரில் ஏறினார்.

"என்ன ராத்தா செய்யப் போறீங்க?"

"பயப்படாம நில்லுங்க. நான் எத்தின வருஷமா ஓட்டுறேன்."

ராத்தா சாவியைத் திருகினார். இஞ்சின் உறுமியதுதான் தாமதம், முஸ்அப் ஒரே பாய்ச்சலில் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார். சேறு முகம் வரைக்கும் தெறித்தது.

ராத்தா இறங்கி வந்தார்.

"ஏன் பாஞ்சீங்க? நான் கியர் போடவே இல்ல."

முஸ்அப் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

"ஊருக்கே ஓட்டப் பழக்கின என்ட கால நீங்க நம்பல்ல. என்ட மனிசன் அன்டைக்கி பாயாம நின்டாரு. அவருக்கு அந்தக் கார்ட பேரும் தெரியாது முஸ்அப். அவர் உங்களத்தான் நம்பினாரு."