வாவித் தண்ணீரில் சாய்ந்த மீன்கள்

மனைவி இறந்த பிறகு மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் மிஞ்சியது நானும், அவள் வளர்த்த இரண்டு கோமாளி மீன்களும்தான். அவை கடல்மீன்கள். தொட்டி சிறியது என்று அவள் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அதனால் போன மாதம் பெரிய தொட்டியொன்று வாங்கினேன். கடற்கரைக்குப் போக அலுப்பாக இருந்தது. வீட்டுக்குப் பின்னாலுள்ள, கடலோடு கலக்கும் வாவியிலும் உப்புத் தண்ணீர்தானே என்று அள்ளி நிரப்பி, மீன்களை அதில் விட்டேன்.

சில நிமிடங்களில் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்தன. மீன் விற்ற கடைக்காரருக்கு அழைத்தேன்.

“என்ன தண்ணி ஊத்தின நீங்க?”

“வாவித் தண்ணி, தம்பி.”

“ஐயோ அண்ணன், மழைக்குப் பிறகு அதுல உப்பு எங்க இருக்கு? உடனே பழைய தொட்டியில விடுங்க!”

நல்லவேளை, பழைய தண்ணீரை நான் வெளியே ஊற்றியிருக்கவில்லை. மாற்றிவிட்டு அருகிலேயே இருந்தேன். “நீங்களும் போயிராதீங்க” என்று மீன்களிடம் கெஞ்சினேன். பொழுதுபடும் நேரம் இரண்டும் நிமிர்ந்து நீந்தின.

இப்போது கடல் தண்ணீர் கொண்டுவந்து, உப்பின் அளவு பார்த்து, மெல்ல மெல்லக் கலந்துதான் மாற்றுகிறேன். எதற்கும் முதலில் கடைக்காரரைக் கேட்கிறேன். கேட்க ஒன்றுமில்லாத நாட்களிலும் அழைக்கிறேன். அவரும் “சொல்லுங்க அண்ணன்” என்கிறார்.