சீனி ராவுத்தரின் கரியும் திராட்சையும்

செவ்வாய்க்கிழமை காலையில் ராவுத்தர் செல்போனில், "சாயங்காலம் கொடி வெட்ட, கவாத்துக்கு வாரேன் மாமா" என்றார். மதியத்துக்குள் அவர் தம்பி அழைத்து, "அண்ணன் மவுத்தாயிட்டாக" என்றார். உழவர் சந்தையில் பழம் நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உயிரை விட்டாராம். எந்த அண்ணன் என்று கேட்டேன். அவருக்கு இருந்தது ஒரே அண்ணன்.

சீனி ராவுத்தரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எழுத்துக் கூட்டப் பழகியது இந்த வயதில்தான். ஒரு பக்கம் முழுக்க எழுதும் நாளில் முதலில் அவரிடம்தான் காட்டுவேன் என்று குதூகலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இதுவாகிவிட்டது.

கம்பத்தில் எங்கள் இரண்டு திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒரே வரப்பு; மாமா, மாப்ளே என்பதெல்லாம் அந்த வரப்பு உறவுதான். ரசாயன உரம் போட்டுப் போட்டு மண் ஓடு போல இறுகிக் கிடந்தது. ராவுத்தர் ஒரு விவசாயிகள் கூட்டத்துக்குப் போய்வந்து, கக்கூஸ் தொட்டி அள்ளும் லாரியை வரச் சொன்னார். கசடைக் காயவைத்து, கவாத்துக் குச்சிகளோடு டிரம்மில் போட்டு, காற்றுப் புகாமல் மூடிச் சுட்டால் கரியாகும். அதைத் தொழுவுரத்தோடு சேர்த்தால் மண் பொலபொலக்கும் என்றார்.

"இந்த நாத்தத்துலயா விவசாயம் மாப்ளே?" என்றேன்.

"நாறுறது நம்ம ஊரு தின்ன சோறுதான மாமா."

அவருடைய கவலை வேறு. அவர் அத்தா காலத்திலிருந்து நோன்பு மாதத்தில் அந்தத் தோட்டத்துப் பழம் பள்ளிவாசலுக்குப் போகும். இனி அதை நோன்பாளி வாயில் வைக்கலாமா? நேராகப் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். "அசுத்தம் எரிஞ்சு சாம்பலாயிட்டா சுத்தந்தான்" என்றார் ஹஜ்ரத். ராவுத்தர் அதைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டார். கரியானால் போதாது என்று மூடியைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சாம்பலாகும்வரை எரித்தார். பாதி காற்றில் போனது. மீதியை அள்ளிப் போட்ட வரிசையில் இளங்கொடிகள் கருகின.

"மார்க்கம் தப்பிச்சிருச்சு, கொடி தப்பிக்கல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த தடவை மூடிச் சுட்டு, ஒரு கை கரியோடு மறுபடி ஹஜ்ரத்திடம் போனார், நானும் போனேன். ஹஜ்ரத் அதை நொறுக்கி முகர்ந்து, "பழைய நிறமும் இல்ல, நாத்தமும் இல்ல. இது வேற பொருளாயிருச்சு. சாம்பல்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன் ராவுத்தரே" என்றார்.

"ஹஜ்ரத்தே சொல்லிட்டாக. இனி ஊருக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றேன் வழியில்.

"மறைச்சுக் குடுத்தா அதுதான் மாமா அசுத்தம்."

அந்த நோன்பில் பழத்தட்டைப் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து, மண்ணுக்குப் போட்டது என்ன என்று எல்லார் முன்பும் சொன்னார். யாரும் கை நீட்டவில்லை. பாங்கு சொன்னதும், பேரீச்சம்பழத்துக்கு அடுத்ததாக ஹஜ்ரத் ஒரு திராட்சையை வாயில் போட்டார். பிறகு சிலர் எடுத்தார்கள். சிலர் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டு எழுந்து போனார்கள். மிஞ்சியதைத் துண்டில் கட்டிக்கொண்டு ராவுத்தர், "தெரிஞ்சு தின்னவுக போதும்" என்றார்.

நேற்று கூடலூர் வியாபாரி ஒருவர் ஜீப்பில் வந்து, குமுளிக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குக் கொண்டுபோக என் பழத்தைக் கேட்டார். அவர் கூடையைத் தொடுவதற்கு முன்பே என் மண்ணிலும் அதே கரி கிடப்பதைச் சொன்னேன். "இத ஏன்யா எங்கிட்டச் சொன்னீரு?" என்று கேட்டுவிட்டு வெறும் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பி, "கேட்டீகளா மாப்ளே" என்று கூப்பிட்டுவிட்டேன்.

பந்தலுக்குக் கீழே யாரும் இல்லை. முதலில் சொல்வது, பிறகு நீட்டுவது: அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.