பெட்டியில் வராதவள்

நேற்று எங்கள் மலை டவுன் தானா ராத்தாவில் ஒரு கடையைக் கடக்கும்போது தின்னர் வாசனை மூக்கில் ஏறியது. உங்களுக்கு அது வெறும் பெயிண்ட் நாற்றமாக இருக்கலாம். எனக்கு அது தேயிலைத் தோட்ட ஆபீஸ். என் நண்பன் அந்தோணி.

அப்போது நான் அங்கே சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டால் நானே துரை என்று நினைப்பு. பக்கத்து மேசை அந்தோணிக்கோ வேறு பைத்தியம். பழைய போர்களின் சிப்பாய்கள், கட்டைவிரல் உயரப் பொம்மைகளாகச் சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் வரும். அவற்றுக்கு வர்ணம் தீட்டுவான். சட்டைப் பொத்தான்கூடப் புத்தகத்தில் இருப்பதுபோலவே வரவேண்டும். நான் பக்கத்தில் நின்று தும்மி, திட்டு வாங்குவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஜப்பான்காரன் காலத்தில் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பலகையில் பரப்பியிருந்தான். ஆபீஸில் தேநீர் போடும் முனியம்மா அக்கா கோப்பைகளோடு வந்து குனிந்து பார்த்தார். ஐம்பதை எட்டாதவர், எப்போதும் சிரித்த முகம்.

“வெள்ளக்காரன் இருக்கான், ஜப்பான்காரன் இருக்கான். நம்ம ஆளுங்க எங்க தம்பி?”

“பெட்டியில வரலலா அக்கா,” என்று அந்தோணி சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. “நான் அங்க இருந்தேன்.”

கீழே பேராக்கில், ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவராம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பாதை போடும் வேலைக்கென்று ஜப்பான்காரர்கள் குடும்பத்தோடு ரயிலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“காலரான்னு குடிசையக் கொளுத்துனாங்க. உள்ள எங்க அக்கா. உசுரு இருந்துச்சு தம்பி.”

என் கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. சுட்டதே தெரியவில்லை. சீனி போதுமா என்று தினமும் கேட்ட அதே குரல்!

“வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” கோப்பைகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தோணி ஒரு வெள்ளைக்காரக் கைதிப் பொம்மையை அராவி, மெழுகு ஒட்டி, மாநிறம் பூசி, பாவாடை கட்டிய பெண்ணாக்கினான். அதை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

“கண்ண மூடி வச்சிருக்கேங்கா.”

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “தொறந்து வைங்க தம்பி. அவ என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தா.”

திறந்து வைத்தான். அதற்குப் பிறகு எந்தச் சிப்பாய்க்கும் அவன் வர்ணம் தீட்டவில்லை.

இன்று அந்த ஆபீஸ் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். அந்தோணியும் போய்ச் சேர்ந்துவிட்டான், பலகை எங்கே போனதோ. முனியம்மா அக்கா இறந்தும் பல வருஷமாகிறது. அவர் மகன் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கிறான். போன மாதம் பேச்சுவாக்கில், “உங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க…” என்று ஆரம்பித்தேன்.

“யாரும் இல்லலா அங்கிள். அம்மா ஒத்தப் பொண்ணு,” என்றான், பழத்தை நிறுத்துக்கொண்டே.