அப்பாவின் முகமும் நாலு ஜிபி இடமும்

எங்கள் ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதை மாற்ற மறுக்கும் அண்ணனைக் கண்டால் அதைவிட ஆகாது. கடை தென்காசியில், அவன் முதலாளி, நான் டிசைனர். பழைய தமிழ் எழுத்துருக்கள் அதில்தான் ஒழுங்காக ஓடும் என்பான். மெமரி இரண்டே ஜிபி.

அப்பா இறந்த பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நானே ஃபிளெக்ஸ் செய்ய உட்கார்ந்தேன். கேமராவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். இருந்தது ஒரே படம், பாவூர்சத்திரத்தில் அவருடைய காய்கறிக் கடையில் மாட்டியிருந்தது. சாரல் ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிப்போய், பிரித்தபோது இடது கண் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. ஸ்கேன் செய்து, மூன்று நாள் அந்தக் கண்ணை வரைந்தேன். கிட்டத்தட்ட அப்பா வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்து ஃபிளெக்ஸில் இறந்தவர் தனியாக இருக்கக் கூடாது. கீழே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கைகூப்பியோ கூலிங்கிளாஸ் போட்டோ நிற்க வேண்டும். ஒரு தலை விட்டுப்போனாலும் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நாற்பத்து மூன்று தலைகள் வந்தன, ஒவ்வொன்றும் போனில் எடுத்த பெரிய படம்.

இவ்வளவும் இரண்டு ஜிபிக்குள் அடங்காது. அதற்காகவே கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கில் நாலு ஜிபி பிடித்து 'பேஜ் ஃபைல்' என்று ஒன்றை வைத்திருக்கும். கல்யாண வீட்டில் சமையலறை போதாமல் அண்டாக்களைக் கொல்லையில் இறக்கி வைப்பதுபோல, இப்போதைக்கு வேண்டாத தலைகளை அங்கே தள்ளிவிடும். நான் ஒரு மாமாவைத் தொட்டால் அவரை உள்ளே எடுத்து, ஒரு சித்தப்பாவை வெளியே அனுப்பும். டிஸ்க் கரகரக்கும், மவுஸ் நகராது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். மெதுவாக என்றாலும் வேலை நடக்கும்.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் கடைசித் தலையையும் வைத்துச் சேமித்தேன். மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டு சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. பாதி எழுதிய ஃபைல் அதன்பின் திறக்கவே இல்லை. டிஸ்கில் இடமில்லாததால் நான் நகல் வைத்திருக்கவில்லை. மூன்று நாள் வரைந்த கண் போயிற்று.

தேடிப் பார்த்தால், பேஜ் ஃபைலையே யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நேத்து ராத்திரி நாந்தான் எடுத்தேன். யாரும் தொறக்காத ஃபைலு, நாலு ஜிபி சும்மா கெடக்கு. எனக்கு எடம் வேண்டியிருந்துச்சு."

"எதுக்கு?"

"வந்து சொல்லுதேன். இங்கன பந்தக்காரன் நிக்கான்." வைத்துவிட்டான்.

அந்த இடத்தில் 'குற்றாலம்' என்று ஒரு ஃபோல்டர், அதில் நாலு வீடியோ. சீசனுக்குச் சீசன் கூட்டாளிகளோடு அருவிக்குப் போய் அவன் அடிக்கும் கூத்து எனக்குத் தெரியாதா? அப்பா போய்ப் பதினைந்து நாள்தான் ஆகிறது, இவனுக்கு இது கேட்கிறதா என்று ஆத்திரம் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல், குப்பைத்தொட்டிக்கும் போகாதபடி ஷிஃப்டை அழுத்தி அழித்தேன். பேஜ் ஃபைலை மறுபடி வைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன்.

மூன்று மணிக்குள் பிரிண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். ஸ்கேனையும் தலைகளையும் முதலிலிருந்து அடுக்கினேன். கண்ணை மறுபடி வரைய நேரமில்லை, வலது கண்ணையே திருப்பி இடது பக்கம் ஒட்டினேன். படத்திலிருந்து அப்பா இல்லை, யாரோ ஒருவர் என்னைப் பார்த்தார். சொந்தக்காரர்களில் ஒரு தலைகூட விட்டுப்போகவில்லை.

சாயங்காலம் அண்ணன் பென்டிரைவோடு வந்தான்.

"ஏட்டி, குற்றாலம்னு ஒரு ஃபோல்டர் வச்சிருந்தேனே, எங்க?"

"அழிச்சிட்டேன்."

அவன் பென்டிரைவை மேஜைமேல் வைத்தான். "போன சீசன்ல ஐந்தருவில அப்பா குளிக்கத அவருக்குத் தெரியாம எடுத்தேன். சிரிக்காரு, பேசுதாரு. நாளைக்கு எல்லாருக்கும் டிவில போட்டுக் காட்டலாம்னு இங்கன ஏத்திட்டு, போன்ல அழிச்சிட்டேன்."

அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை ஓட்டினேன். நாலு பெயர்களும் வந்தன, ஒன்றும் ஓடவில்லை. அப்பா இருந்த இடத்தின் மேலேயே பேஜ் ஃபைல் உட்கார்ந்து, மாமாக்களையும் சித்தப்பாக்களையும் எழுதித் தள்ளியிருந்தது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். போனிலேயே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இன்றும் அவன்மேல் எரிச்சல்தான். ஆனால் அந்த வீடியோவில் அப்பா என்ன பேசினார் என்று அவனிடம் கேட்க எனக்கு இதுவரை வாய் வரவில்லை.