ஆயுள் முடிந்த கயிறு

வளைகுடா நாடொன்றில், இராணுவ ஹெலிகொப்டர்களின் உதிரிப்பாகங்கள் வைத்திருக்கும் களஞ்சியத்தில் எனக்கு வேலை. கடலிலும் வெள்ளத்திலும் தத்தளிப்பவர்களைத் தூக்கும் மீட்பு ஹெலிகளுக்கான பகுதி என்னுடையது. 'மகன் ஹெலி ஓட்டுறான்' என்று உம்மா ஏறாவூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

உண்மையில் நான் செய்வது வெட்டுவது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. அது முடிந்துவிட்டால், பெட்டி பிரிக்காத புதுச் சாமானானாலும், யாரும் எடுத்து ஹெலியில் பூட்டிவிடாதபடி சிதைத்துவிட வேண்டும். ஆளைத் தூக்கும் உருக்குக் கயிறுகளும் அப்படித்தான். சுண்டுவிரலை விட மெல்லியவை, பளபளவென்று இருக்கும். அவற்றைத் துண்டு துண்டாக்கித் தொட்டியில் போடுவேன். ஆரம்பத்தில் மனசு கேட்கவில்லை. போகப்போக, யாரோ ஒருவரின் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்ற மிதப்பே வந்துவிட்டது. புதுக் கயிறு கேட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் படையினரையும் எனக்குத் தெரியும். அதுவரை அவர்களுடைய ஹெலி பறக்கும், பார்க்கும், திரும்பிவிடும்.

போன மாரி வெள்ளத்தில் என் தம்பி மௌத்தாகிவிட்டான்.

எங்கள் மாட்டுப்பட்டி மேற்கே, வயல் வட்டைக்கு அப்பால் இருந்தது. மழை விட்டதும் பட்டியைத் திறந்துவிட அவனும் என் தங்கையின் கணவரும் போனார்கள். குளத்துத் தண்ணீர் வந்து சூழ்ந்துகொள்ள, ஆளுக்கொரு மரத்தில் ஏறியிருக்கிறார்கள். பின்னேரம் ஹெலி வந்து தலைக்கு மேலே நின்றிருக்கிறது. தம்பி சட்டையைக் கழற்றி ஆட்டிக் காட்டியிருக்கிறான். மேலே கதவருகில் இருந்தவரும் கையசைத்திருக்கிறார். பிஸ்கட் பொதியும் தண்ணீர்ப் போத்தலும் விழுந்தன. கயிறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் படகு போனபோது மச்சான் மரத்தில் இருந்தார். தம்பியின் மரமே அங்கே இல்லை.

நான் லீவு வாங்கி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்கவே தயங்கினார்கள். உம்மா தயங்கவில்லை.

"நீ அந்தச் சாமானோடதானே கிடக்காய் மகன். சொல்லு, ஏன் கயிறு போடல்ல?"

எனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. இன்றுவரை தெரியாது. காற்றாக இருக்கும் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன்.

"காத்தா? ஹெலி வாறத்துக்கு முன்ன ஒரு இல கூட ஆடல்லையெண்டு உண்ட மச்சான் சொல்றார்."

வேறு வழியில்லாமல், தொழிலில் கண்டதை வைத்து ஊகித்ததைச் சொன்னேன். "கயித்துக்கு ஆயுள் முடிஞ்சிருக்கும் உம்மா. புதுசு வந்து சேர்ந்திருக்காது. முடிஞ்ச கயித்தில ஆளத் தூக்கப்படாது. அறுந்தா விழுந்திருவான்."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே குரலில்தான் அதையும் சொன்னேன். நினைக்கும்போது இப்போதும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

உம்மா அழாமல் கேட்டார்.

"விழுந்தா எங்க மகன் விழுவான்? கீழ அந்தத் தண்ணிதானே கிடந்த."